தவக்கால வெள்ளியில் வந்த மீன் வண்டி

என் தம்பி ராபின் என்னை பஸ் கண்டக்டர் என்று நினைத்து டிக்கெட் கேட்டபோதுதான், அவன் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "ஷிவாஜிநகர் ஒந்து கொடி" என்று கன்னடத்தில் சிவாஜிநகருக்கு ஒரு டிக்கெட் கேட்டான். நாங்கள் நின்றது பெங்களூரில் அல்ல. கிழக்குத் திமோர் என்ற வெப்பத் தீவு நாட்டில், ஆளே இல்லாத ஒரு மண் சாலையில். சென்ற ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்.

நான் பெங்களூர் விவேக் நகரில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை செய்கிறேன். எது நடந்தாலும் நாள், கிழமை, திருநாள் பார்த்து நினைவில் வைப்பது என் சுபாவம். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் இந்தச் சாட்சியில் எல்லாமே கிழமையில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு மர்பி டவுனில். அப்பா இறந்த பிறகு ராபின் வேலையை விட்டுவிட்டான். மாதக்கணக்கில் அறைக்குள் படுத்தே கிடந்தான். கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அப்பா பிழைக்க வேண்டும் என்று குடும்பமே முழங்காலில் நின்றோமே, என்ன ஆயிற்று என்பது அவன் கேள்வி.

எங்கள் பள்ளியில் முன்பு வேலை பார்த்த அருட்சகோதரி செலின், திமோரின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பள்ளியும் சிறிய மருந்தகமும் நடத்துகிறார். குழந்தைகளுக்கு ஒரு நூலகம் அமைக்க இரண்டு பேர் ஒரு மாதம் வர முடியுமா என்று கேட்டார். ராபினிடம் சொன்னேன். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றவேண்டும் என்பது அவனுடைய பழைய ஆசை.

"சேவை எல்லாம் நீ பண்ணுக்கா. நான் ஊர் சுத்தறேன். உன் சாமியும் கூட வருவாரா, அவருக்கும் டிக்கெட் போடணுமா?" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் செய்த முதல் கேலி அது. அதற்கே நான் நன்றி சொன்னேன்.

கடலோர ஊரில் போய் இறங்கியது ஒரு புதன்கிழமை. மறுநாள் விடியற்காலையில் கிராமத்துக்குப் புறப்படுவதாகத் திட்டம். நான்தான் மாட்டேன் என்றேன். வியாழன் எங்கள் வீட்டில் குழந்தை இயேசுவின் நவநாள் ஜெபம். அம்மா விவேக் நகர் கோவிலுக்குப் போகாத வியாழன் எனக்கு நினைவில் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால், செல்போனைத் தூக்கிப் பிடித்து எங்களுக்கும் நவநாளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். கிராமத்தில் சிக்னல் கிடையாது.

"அம்மா போன்ல என்ன தெரியப்போகுது? கூரையும் ஃபேனும் தெரியும். அதுக்காக ஒரு நாளை வேஸ்ட் பண்ணணுமா?" என்று ராபின் எரிச்சல்பட்டான்.

அவன் சொன்னது போலவே கூரையும் ஃபேனும்தான் தெரிந்தன. நடுவில் யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலை. ராபின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நான் முழு ஜெபத்தையும் சொல்லி முடித்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

தங்கியிருந்த வீட்டுக்காரர் வெயிலைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கினார். பிறகு அவரே, "நீங்கள் இந்தியர்கள்தானே, உங்களுக்குப் பழக்கம்தான்" என்று விட்டுவிட்டார். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம். ஏப்ரலில் நாலு நாள் புழுங்கினாலே ஊர் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் நாங்கள். மார்கழிக்கு மட்டுமல்ல, ஆடி மழைக்கும் ஸ்வெட்டர் தேடுகிறவர்கள். அந்த வெயிலுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மழை வெள்ளம் சாலையை அறுத்துக்கொண்டு போயிருந்த ஓர் ஓடைக் கரையில் லாரி எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது. நடந்து போகிறவர்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டுமே கடக்க முடியும். மீதி வழி எல்லாம் நடை. நூலகத்துக்கான புத்தகங்கள் என் பையில் இருந்தன. ராபின் அதைப் பிடுங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டான். முதுகில் அவனுடைய பை வேறு.

"குடுடா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கலாம்."

"விடுக்கா. நீ ஜெபமாலையைத் தூக்கு, நான் புக்கைத் தூக்கறேன்."

காற்றே இல்லை. நனைந்த துணியைச் சூடாக்கி முகத்தில் போர்த்தியது போன்ற வெக்கை. முதலில் அவன் பேச்சு நின்றது. பிறகு நடை கோணியது. தொட்டுப் பார்த்தேன்; தோல் வறண்டு, தோசைக்கல் போலக் கொதித்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. அப்போதுதான் டிக்கெட் கேட்டான். கேட்டுவிட்டு அப்படியே சரிந்தான்.

ஒரு முட்புதரின் அரைகுறை நிழலுக்கு அவனை இழுத்தேன். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் தெளித்தேன். அது உடனே காய்ந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. கத்திப் பார்த்தேன். என் குரல்தான் திரும்பி வந்தது.

நிறைய வாசித்தவள் நான். அந்த நேரத்தில் ஒரு நல்ல வாக்கியம்கூட வாயில் வரவில்லை. "குழந்தை இயேசுவே, ஒரு மேகம் கொடு. ஒரே ஒரு மேகம்" என்று அழுதேன். வானத்தில் மேகமே இல்லை. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று மட்டும் தோன்றியது. அப்பாவுக்காகக் கேட்டேன், கிடைக்கவில்லை. இவனுக்காகவும் கிடைக்காமல் போனால் நான் யாரிடம் போவேன்? அதையும் சத்தமாகவே கேட்டேன்.

மேகம் வரவில்லை. மீன் நாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம்.

ஒரு மனிதர், பின்சீட்டில் பெரிய ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "மானா!" என்று பதறினார். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ராபினின் நெற்றியில் கை வைத்தார். அடுத்த நொடி பெட்டியை அவிழ்த்துக் கவிழ்த்தார். மீன்கள் புழுதியில் விழுந்தன. ஐஸை அள்ளி ராபினின் கழுத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் திணித்தார். உருகிய தண்ணீரை மேலே ஊற்றினார். ஒரு பனை ஓலையை என் கையில் கொடுத்து விசிறச் சொல்லிச் சைகை காட்டினார்.

விசிறினேன். ராபினின் இமை அசைந்தது. "என்னக்கா... நாத்தம்" என்றான். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக இனிமையான புகார் அதுதான்.

மோட்டார் சைக்கிளில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவனை உட்கார வைத்து, செலின் சிஸ்டரின் மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். ஊசி, குளுக்கோஸ், ஈரத்துணி. அவன் தூங்கிய பிறகுதான் சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை, வெள்ளிக்கிழமை வந்தீங்க."

"ஏன் சிஸ்டர்?"

"அந்த ரோட்டுல வண்டியே வராதும்மா. அபேல் மட்டும்தான் வருவார். அதுவும் தவக்கால வெள்ளியில மட்டும். எங்க ஜனங்க அன்னைக்குக் கறி தொடமாட்டாங்க இல்ல, அதான் மீன் கொண்டு வர்றார். நேத்து வந்திருந்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நேற்று வியாழன். நேற்று நாங்கள் கூரையையும் ஃபேனையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புழுதியில் கிடந்த மீன் அந்த வெயிலில் கெட்டுப்போனது. அந்த ஊர் முழுக்க அன்று சோளமும் கீரையும்தான் சாப்பிட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ராபின் எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான் வாசலில் வந்து நின்றார்கள்.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அப்பாவுக்காக ஏன் அப்படி ஒரு வண்டி வரவில்லை என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது போல நடிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று தெரியும். நான் மேகம் கேட்டு அழுவதற்கு வெகுநேரம் முன்பே, அபேல் கடற்கரையில் பெட்டி நிறைய ஐஸ் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் வாய் திறக்கும்போது பதில் பாதி வழி வந்திருந்தது. அன்றிலிருந்து நான் ஜெபிக்கும் விதம் மாறிவிட்டது. எனக்கு இன்னது வேண்டும் என்று வரையறுத்துக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். காது கொடுத்துக் கேட்கப் பழகுகிறேன்.

ராபின் அந்த நூலகத்தின் அலமாரிகளைத் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினான். இப்போது வேலைக்குப் போகிறான். வியாழன்தோறும் அம்மாவை ஸ்கூட்டரில் கோவிலுக்குக் கொண்டு வந்து விட்டுவிட்டு, வெளியே மெழுகுவர்த்திக் கடை ஓரம் நிற்பான். உள்ளே வா என்று நாங்கள் கூப்பிடுவதில்லை.

இந்தத் தவக்காலத்தின் முதல் வியாழன் அவனாகவே வந்து கடைசி பெஞ்சில் முழங்காலில் நின்றான். திரும்பும்போது அம்மாவால் அடக்க முடியவில்லை.

"சாமிகிட்ட என்னடா கேட்ட?"

"அபேல் வண்டி பஞ்சர் ஆகக்கூடாதுன்னு கேட்டேன்."

என் தம்பியைத் திருப்பித் தந்த குழந்தை இயேசுவுக்கு நன்றி. இதை வாசிக்கும் நீங்கள் இன்று மேகம் தெரியாத வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வியாழனை விட்டுவிடாதீர்கள். உங்களுக்காக யாரோ, தான் யாருக்காகப் போகிறோம் என்று தெரியாமலே, எங்கிருந்தோ கிளம்பியிருப்பார். அவருடைய வண்டிக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.