வக்கீலின் கணினியை அப்டேட் செய்த காலை

பலெர்மோவுக்கு வந்த இரண்டாவது வருடம், போர்கோ வெக்கியோவில் ஒரு பெண் வக்கீலின் அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, வழக்குகளைப் பார்ப்பவர் அவர்; நான் அவரைச் சிஞ்ஞோரா என்று அழைப்பேன். யாழ்ப்பாணத்தில் கணினி டிப்ளோமா படித்தவள் என்று ஒருநாள் நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தும்புத்தடியோடு அவருடைய கணினியும் என் பொறுப்பாகிவிட்டது. அதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்த அவருடைய மருமகன் மிலானுக்கு வேலைக்குப் போய்விட்டாராம்.

அன்று சிஞ்ஞோரா காலையிலேயே அனுமதி கொடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போயிருந்தார். வன்னியிலிருந்து வந்த ஒருவருடைய பெர்மெஸ்ஸோ வழக்குக் கடிதம் கணினியில் இருந்தது. போரின் கடைசி மாதங்களில் தனக்கு நடந்ததை அவர் மூன்று நாள் இருந்து சொன்னார். நான் இத்தாலியனில் சொல்லச் சொல்லச் சிஞ்ஞோரா தட்டச்சு செய்தார். அதை அச்சடித்து அந்த வன்னிக்காரரிடம் கொடுக்கவேண்டும். பன்னிரண்டரைக்கு முன் அவர் அதைக் குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோனால், சிஞ்ஞோரா அங்கேயே கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார்.

பத்து மணிக்கு நான் கதவைத் திறந்தேன். பாதுகாப்பு அப்டேட்டுகள் காத்திருப்பதாகத் திரையில் அறிவித்தல் இருந்தது. பல வாரமாக ‘பிறகு’ என்று தள்ளிப்போட்டது. வன்னிக்காரர் வர ஒன்றேகால் மணித்தியாலம் இருக்கிறதே என்று, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தேன். முதலில் பிரதி எடு, பட்டியலை வாசி, இடம் இருக்கிறதா பார் என்று வகுப்பில் படித்தது எல்லாம் நினைவில் இருந்தது. ஒன்றையும் செய்யவில்லை. நீளமாக வந்த பட்டியலைப் பார்க்காமலே சம்மதம் என்பதற்கான ‘ஒய்’ விசையை அழுத்திவிட்டுத் தரை துடைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, டிஸ்க்கில் இடம் இல்லை என்ற வரியோடு அப்டேட் நின்றிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். திரும்பத் தொடக்கினால் சரிவரும் என்று கணினியை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு அதுவும் நின்றது.

கதவு மணி அடித்தது.

“அக்கா, கடிதம் ரெடியோ?” வன்னிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

“கொஞ்சம் இருங்கோ தம்பி. கரண்டிலை ஏதோ பிரச்சினை.”

மேலே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

சிஞ்ஞோரா தொலைபேசியில் அழைத்தார். “புறப்பட்டுவிட்டாரா?”

“இப்போது புறப்படுகிறார்” என்றேன். ஒரே காலையில் இரண்டாவது பொய்.

கணினி தொடங்கும்போது முதலில் ஏறுவது கேர்னல். புதிய கேர்னல் பாதியில் நின்றிருக்கிறது. பழையது இன்னும் உள்ளே இருக்கவேண்டும். அதைத் தெரிவுசெய்ய, தொடங்கும் நேரத்தில் ஷிஃப்ட் விசையை அமத்திப் பிடிக்கவேண்டும். முதல் தரம் பிந்திவிட்டேன், மறுபடி கறுப்புத் திரை. இரண்டாம் தரம் அணைத்துப் போட்டபோது பதினொன்று ஐம்பது.

“நான் போய்ச் சிஞ்ஞோராட்டைச் சொல்லட்டே?” என்றார் அவர்.

“இருங்கோ எண்டனெல்லே!”

பட்டியல் வந்தது. பழைய கேர்னலின் வரியில் என்டரை அழுத்தினேன். எவ்வளவு நேரம் போனதோ, வழக்கமான திரை தெரிந்தது. முதல் வேலையாகக் கடிதத்தைப் பென்டிரைவில் போட்டேன். பிறகுதான் அச்சடித்தேன். ஆறு பக்கம். அவர் அவற்றை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியால் ஓடினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகே நான் கதிரையில் இருந்தேன்.

பிறகு எந்தக் கேர்னலில் கணினி ஓடுகிறது என்று பார்த்து, அதைத் தொடாமல், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அதற்கும் பழையவற்றை ஒவ்வொன்றாக அகற்றினேன். இடம் கிடைத்ததும் பாதியில் நின்ற அப்டேட்டை முடித்தேன். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் வாசித்தேன்.

பின்னேரம் வந்த சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவர் கத்துவார் என்று நினைத்தேன். “வேறு பிரதி இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “அது என் பிழையும்தான். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்.”

வன்னிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“கரண்ட் இல்லை எண்டு எனக்கு அப்பவே விளங்கினது அக்கா” என்றார். “அது அழிஞ்சு போயிருந்தா என்ன செய்திருப்பம்?”

“நீங்கள் திரும்ப முதல்லை இருந்து சொல்ல வேண்டி வந்திருக்கும்.”

“என்னாலை ஏலாது அக்கா. இன்னொருக்கா ஏலாது.”

அடுத்த நாள் சிஞ்ஞோரா பிரதி வைக்க ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்தார். அதன் பிறகு அப்டேட் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில்தான், யாருக்கும் காகிதம் தேவைப்படாத நேரத்தில். பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு கடிதத்தையாவது திறந்து பார்த்த பிறகே டெர்மினலைத் திறப்பேன். வன்னிக்காரருக்குச் சில மாதங்களில் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொல்ல அலுவலகத்துக்கு வந்தவர், கணினியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.