பிங்கோ ஆடிய குற்றம்

டெல்ஃபீன் காடோட்டுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அமெரிக்காவின் அந்த ஏரிக்கரையில் வாழும் ஒஜிப்வே பழங்குடிகள் எல்லோருக்கும் அது தெரியும்.

இருபது வருஷம் அக்கரையில் வெள்ளைக்காரர்களின் விடுதியில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்தவள். புருஷன் லெனார்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஜனவரியில் டவுன் ஆம்புலன்ஸ் வரவேயில்லை. பழங்குடி நிலத்துச் சாலையில் பனி அள்ளுவது எங்கள் வேலையில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்; லெனார்டு பிழைக்கவில்லை. பிறகு பழைய பள்ளிக்கூட ஜிம்மில் இனக்குழு மன்றம், கூப்பிடும் எண்ணைச் சீட்டில் அடித்துப் பரிசு வெல்லும் பிங்கோ ஆட்டத்தைத் தொடங்கியபோது, எண் கூப்பிட முதல் ஆளாக வந்து நின்றாள். அந்த வருமானத்தில்தான் பனி அள்ளும் வண்டி வந்தது, சொந்த ஆம்புலன்ஸும் வந்தது.

மாநில அரசுக்குப் பொறுக்கவில்லை. பிங்கோவைத் தர்ம ஸ்தாபனங்கள்தான் நடத்தலாம், பரிசும் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்று சட்டத்தைக் காட்டியது. அதே அரசு அந்த வருஷம்தான் பெட்ரோல் பங்க் தவறாமல் தன் லாட்டரிச் சீட்டை விற்க ஆரம்பித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், ஆட்டத்தின் நடுவே ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவன் ராய் ஹால்வர்சன்.

"ஆட்டத்தை நிறுத்து, டெல்ஃபீன்."

"ஜி வரிசை, ஐம்பத்திரண்டு," என்று அடுத்த எண்ணை மைக்கில் கூப்பிட்டாள்.

"காதுல விழலையா?"

"நல்லா விழுந்துச்சு. மூணாவது மேசையில உன் மாமியார் இருக்காங்க. மொதல்ல அவங்களுக்கு விலங்கு போடு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமியார் தலையைத் தூக்காமலே கத்தினாள்: "ராய், கொஞ்சம் இருப்பா! எனக்கு ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி!"

ராயின் முகம் சிவந்தது. மைக்கைப் பிடுங்கி எறிந்தான். எண் போட்ட பந்துகள் தரையெல்லாம் உருண்டன. விலங்கு விழுந்தது டெல்ஃபீன் கையில்தான்.

கோர்ட்டில் அரசு வக்கீல் தன்மையாகத்தான் பேசினார். "குற்றத்தை ஒத்துக்கோங்கம்மா. சின்ன அபராதத்தோட வீட்டுக்குப் போயிடலாம்."

"புதன்கிழமை சர்ச்சுல பிங்கோ நடந்தா அது பக்தி. சனிக்கிழமை நான் நடத்தினா குத்தமா?" அவள் குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. "உங்க கவர்னர் பெட்ரோல் பங்க்ல விக்கிறாரே, அது என்ன, ஜெபமாலையா? ஒத்துக்க மாட்டேன். உள்ள போடுங்க."

போட்டார்கள். மத்திய நீதிமன்றம், மாநிலத்தின் வரம்பு பழங்குடி நிலத்தில் செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள்.

அத்தோடு முடியவில்லை. மத்திய அரசின் புதுச் சட்டம் ஒன்று வந்தது. சூதாட்ட மிஷின் வைக்க வேண்டுமானால் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட வேண்டுமாம். எத்தனை மிஷின் என்பதை மாநிலம் சொல்லுமாம். மன்றத் தலைவன் வெர்லின், டெல்ஃபீனுடைய தங்கை மகன், கையெழுத்துப் போடத் தயாரானான்.

"நம்ம மண்ணுல நாம எத்தனை மிஷின் வெக்கணும்னு அவன் எண்ணிக் கொடுப்பான், நீ மண்டைய ஆட்டுவியாடா?"

"போடலைன்னா மிஷின் ஒண்ணு கூட வெக்க விடமாட்டாங்க, பெரியம்மா. வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவளிடம் வழி இல்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

கையெழுத்து நாளில் கவர்னரோடு படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். "வேற ஆளைப் பாருங்க," என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த தேர்தலில் வெர்லினை எதிர்த்து நின்றாள், தோற்றாள். சமாதானம் பேச அவன் ஏரி மீனோடு வந்தான். மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுவாரம் மன்றக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெர்லின் வாயைத் திறப்பதற்குள் கேட்டாள்: "மிஷினுக்குப் போட்ட வரம்பை எடுக்கச் சொல்லி மாநிலத்துக்கிட்ட எப்ப கேக்கப் போற?"