ஒன்பதாம் வகுப்பில் ஓர் அம்மா

நேற்று எதிர்வீட்டில் சோறு அடிப்பிடித்துவிட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், போனில் பேசிக்கொண்டே அடுப்பை மறந்திருக்கிறாள். கதவைத் தட்டி, "வெங்காயத்த நாலா வெட்டி சோத்து மேல வையி, தீய்ஞ்ச வாசன போய்டும்" என்று சொன்னேன். "எப்படி ஆன்ட்டி இதெல்லாம் தெரியும்?" என்றாள். பதினாலு வயசில் வாரத்துக்கு நாலு தடவை தீய்த்தால் தெரியாமல் போகுமா என்ன!

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில், புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடம் திறந்த மாதமே அம்மாவுக்கு இருமலோடு ரத்தம் வந்து, தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரயில் ஏறும்போது என் கன்னத்தைக்கூட அவள் தொடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "தம்பிங்கள பாத்துக்கோ கண்ணு. பள்ளிக்கூடத்த மட்டும் வுட்டுடாத" என்றாள். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பெனிச் சங்குதான் எனக்குக் கடிகாரம். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்குள் நைனாவின் சாப்பாடு தூக்கில் இருக்க வேண்டும். நைட் ஷிப்ட் வாரம்தான் பெரிய பேஜாரு. பகலில் தூங்கி மதியம் எழுகிறவருக்குச் சுடச்சுடச் சோறு வேண்டுமே. அந்த வாரம் எனக்குக் 'காய்ச்சல்' வந்துவிடும். வகுப்பு டீச்சர் கெட்டிக்காரி. "இன்னாடி இது, மூணு வாரத்துக்கு ஒரு தபா காலண்டர் பாத்துகினு வருதா உனக்குக் காய்ச்சல்?" என்றார். நான் அசடு வழிந்தேன்.

தம்பிகள் இரண்டு பேரின் மார்க் அட்டையிலும் நான்தான் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவை அதற்காக நைனாவை எழுப்பியபோது, "நீயே போட்டுடும்மா. அவனுங்களுக்கு நீதான இப்ப அம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணக்கில் கோட்டை விட்ட பெரியவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் கையெழுத்தே போட்டேன்.

அந்தப் பழக்கம்தான் வினையாயிற்று. அரையாண்டுப் பரீட்சை முடிந்து என் அட்டையும் வந்தது. சட்னி அரைத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மூன்று அட்டையிலும் 'பெற்றோர்' என்ற இடத்தில் மளமளவென்று என் பெயரையே எழுதிவிட்டேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு நீயே அம்மாவாடி?" என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட அழுகை என்கிறீர்கள்! அம்மாவை ரயிலேற்றியபோது வராததெல்லாம் அன்றைக்கு வந்தது.

டீச்சர் நைனாவை வரச் சொன்னார். "நல்லா படிக்கிற பொண்ணுங்க. இன்னும் ரெண்டு வருசம், பதினொண்ணாவது பாஸ் பண்ணி எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிடட்டும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். வேலை உடுப்போடு நின்ற நைனா தரையைப் பார்த்தபடி, "எனக்கும் ஆசதாம்மா. இவங்கம்மா வர்ற வரைக்கும் ஊட்ல இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு ஆத்திரம். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது, அவருக்கும் வேறு யார் இருந்தார்கள்?

அம்மாவுக்கு வாராவாரம் நான்தான் கடிதம் எழுதுவேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டது தெரிந்தால் பாதி வைத்தியத்தில் ஓடி வந்துவிடுவாள் என்று, நன்றாகப் படிக்கிறேன் என்றே எழுதினேன். பார்க்கப் போகிற நைனாவும் அங்கே வாயைத் திறக்கவில்லை. எழுத எழுத எனக்கு ருசி கண்டுவிட்டது. வகுப்பில் இரண்டாவது ராங்க் கொடுத்துக்கொண்டேன். முதல் ராங்க் என்றால் நம்பமாட்டாள் பாருங்கள். பத்தாவதையும் அப்படியே கடிதத்தில் பாஸ் பண்ணினேன்.

இரண்டு வருஷம் கழித்து உடம்பு தேறி அம்மா வந்தாள். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளே தைத்த நீலத் துணிப்பையை எடுத்து நீட்டினாள். "பதினொண்ணாவதுக்கு பொஸ்தகம் நெறைய இருக்குமே, அதான் பெருசா தச்சேன். பொஸ்தகத்த எட்துனு வா, வச்சிப் பாக்கலாம்" என்றாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "வார்டு முச்சூடும் உன் லெட்டர படிச்சிக் காட்டினேனே கண்ணு" என்றாள், அவ்வளவுதான்.

அப்புறம் போயிருக்கலாமே என்பீர்கள். டீச்சர்கூடச் சொல்லி அனுப்பினார். பதினாறு வயசில் திரும்பவும் ஒன்பதாவது பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது, போகவில்லை.

நைனா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். அந்தக் கம்பெனியை மூடி எவ்வளவோ வருஷம் ஆகிறது. அந்தக் கடிதங்களை அம்மா கடைசிவரை தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். வீடு மாற்றியபோது பெட்டியோடு எங்கேயோ போய்விட்டன. அதுதான் எனக்கு ஆறவில்லை. பத்தாவது பாஸ் பண்ணின பெண் அவற்றில் மட்டும்தான் இருந்தாள்.