கம்ப்யூட்டரைத் துடைக்க வந்தவர்

என் மனைவியின் அண்ணன் எங்களோடு வந்து தங்கியது கால் முறிந்ததால்தான். காத்திவாக்கத்தில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறார். விசைப்படகில் வலை இழுக்கும்போது வலையைச் சுருட்டும் வின்ச் எந்திரத்தின் கயிறு கணுக்காலில் சுற்றி, எலும்பை இரண்டு இடத்தில் முறித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அறுவை செய்து கம்பி வைத்தார்கள். இருபது நாள் கழித்து அனுப்பும்போது, வாரம் ஒருமுறை வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர் மனைவி விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போனால் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். எங்கள் வீடு கல்மண்டபத்தில். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

"கால் ஆறுற வரைக்கும் இங்கியே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள் என் மனைவி. எனக்கும் மறுப்பில்லை. அவர் என்னைவிட நான்கு வயது பெரியவர். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து ஒருவரையொருவர் மச்சான் என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

கூடத்தில் அவருக்கு ஒரு கட்டில் போட்டோம். அதே கூடத்தில் ஜன்னலோரம்தான் எங்கள் கம்ப்யூட்டரும் இருந்தது. நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் பழையதைக் கழித்தபோது வாங்கி வந்தது அது. மகளுக்குக் கல்லூரிப் பாடம், மனைவிக்குத் தையல் வீடியோ, எனக்கு ஏதாவது விண்ணப்பம், பில். நான்கு பேர் நுழையும் வீட்டுக்கு ஒரே சாவி என்பதுபோல எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

படுத்தே கிடந்து மச்சானுக்கு அலுத்துப்போனது. மகள்தான் மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டே நாளில் அவர் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கி, தனக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்ததெல்லாம் மீன்பிடி வீடியோக்கள். வடக்கே எங்கோ பனிக் கடலில் போகும் கப்பல்கள்.

"பார் மச்சான், வலைமேல ஐஸ் புடிச்சிகினு கீது. சுத்தியால அடிச்சி உடைக்கிறானுங்க. நம்மாளுங்க வெயில்ல காயறாங்க, இவனுங்க இப்டி" என்பார். நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் அன்றைக்குப் பார்த்ததை எல்லாம் சொல்வார். அந்தச் சில வாரங்கள் வீடு நன்றாகவே இருந்தது.

பிறகு திரையில் குப்பை வர ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று. அப்புறம் சூதாட்ட விளம்பரங்கள். மூடினால் ஒன்றுக்கு இரண்டாகத் திறக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் என் மகள் கல்லூரி வகுப்புக்காக வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு கட்டுரையை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் திரையை வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, பேராசிரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முழுத் திரைக்கும் ஒரு ஆபாசப் படம் விரிந்தது. அவள் மூடுவதற்குள் இன்னொன்று. கடைசியில் சுவிட்சையே அணைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கம்பி வைத்த காலைத் தலையணைமேல் நீட்டியபடி, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சமையற்கட்டில் என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "எங்கண்ணன் அந்த மாதிரி ஆளு இல்ல" என்றாள். நான் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பகல் முழுக்கக் கம்ப்யூட்டரோடு தனியாக இருப்பவர் அவர் ஒருவர்தானே என்று நான் எனக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். மனைவிக்கும் மகளுக்கும் சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பகலில் அவர் தடியை ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் பழைய பாஸ்வேர்டை அமுக்கினார். தவறு என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்ப அமுக்கினார். மூன்றாம் முறையும் தவறு என்று வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, "நான் வூட்டுக்கே போறேன் மச்சான். அங்க காத்து நல்லா வரும்" என்றார். அவருக்காக ஆட்டோ பிடித்துக் கொடுத்தவன் நான்தான். என் மனைவியும் இரு என்று சொல்லவில்லை.

அவர் போன பிறகும் குப்பை நிற்கவில்லை. ஏற்கெனவே புகுந்தது இன்னும் போகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் மகளின் மெயிலில் வேறு ஏதோ ஊரிலிருந்து யாரோ நுழைந்ததாகத் தகவல் வந்தது. அன்றைக்கே என் பேங்க் கணக்கைத் திறக்க ஒரு ரகசிய எண் நான் கேட்காமலே என் போனுக்கு வந்தது. அதற்கு மேல் எனக்குப் பயம் வந்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்மணி நெட் சென்டர் வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பரீட்சை விண்ணப்பம் என்று எப்போதும் கூட்டம். கம்ப்யூட்டர் பழுதும் பார்ப்பார். நான் போய்ச் சொன்னதும், "அத தொடாம அப்டியே வையுங்கண்ணே. பேங்க் வேலை எதுவும் அதுல பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கியது. "ஏதோ ஒண்ணு உள்ள உக்காந்துகினு வெளிய சேதி அனுப்பிகினு கீது. மொதல்ல அந்த வழிய அடைப்போம்" என்றார்.

என் மனசில் அப்போது இருந்தது வேறு. மனைவி சமையற்கட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு இன்னா பாத்தாங்கன்னு இதுல தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனா நான் அத தொறக்க மாட்டேன்."

"எங்க வூட்டு கம்ப்யூட்டர்தானே?"

அவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாலு பேரு பொழங்கற மெஷினுண்ணே. ஒருத்தர் ஒடம்புக்கு இன்னா நோவுன்னு தேடியிருப்பாரு, ஒருத்தர் வேற வேலை தேடியிருப்பாரு. அதெல்லாம் நான் பாக்கக்கூடாது, நீங்களும் பாக்கக்கூடாது. நான் குப்பைய வாரத்தான் வந்தேன். இது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு மட்டும் பாப்போம். அது தெரியலன்னா திரும்ப வரும்."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்த எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகத் திறந்து, தேதி வாரியாக அடுக்கினார். விரலால் வரி வரியாகக் கீழே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஒரே தேதியில் நான்கு பெயர்கள். முதலாவது, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்க்கும் இலவசச் சாதனம். மற்ற மூன்றும் அதன் முதுகில் ஏறி வந்தவை.

"இந்தத் தேதியில இன்னா பண்ணீங்கன்னு ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது, சொன்னேன். அது மச்சானுக்கு அறுவை நடந்து மூன்றாம் நாள். படகில் அடிபட்ட மீனவர்களுக்கு அரசு தரும் உதவிக்கு நான்தான் அவர் சார்பில் விண்ணப்பம் போட்டேன். டாக்டர் சீட்டு, ரேஷன் அட்டை, படகுப் பதிவு என்று ஏழெட்டுத் தாள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றச் சொன்னது அந்தப் பக்கம். எனக்குச் சேர்க்கத் தெரியவில்லை. இலவசமாகச் சேர்க்க என்று தேடி, முதலில் வந்ததை இறக்கினேன். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அவசரம். அது கேட்டதற்கெல்லாம் படிக்காமல் சரி, சரி என்று அமுக்கினேன்.

அந்த வாரம் முழுக்க மச்சான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எங்கள் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

"ஆனா அப்ப ஒண்ணும் வரலியேம்மா. ஒரு மாசம் பொறுத்துதானே வந்துச்சு" என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டேன்.

"சிலது அப்டித்தான். கொஞ்ச நாள் சாதுவா உக்காந்திருக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா ஆளக் கூப்புடும். ஓரத்துல பெட்டி பெட்டியா வந்திருக்குமே, பாக்கலியா?"

வந்திருந்தது. நானே இரண்டு மூன்றை மூடியிருக்கிறேன்.

சமையற்கட்டு வாசலில் என் மனைவி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. "நான்தான்" என்றேன் அவளிடம். அவள் உள்ளே போனாள். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தப் பெண்மணி எங்கள் இருவரையும் பார்க்காததுபோல வேலையைத் தொடர்ந்தார். அந்த நான்கையும் நீக்கினார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டு, நாங்கள் அடிக்கும் பாஸ்வேர்டுகளைப் படித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்துக் கழற்றினார். தினமும் காலையில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்படி ஒரு கட்டளை எங்கோ ஒளிந்திருந்தது. அதையும் எடுத்தார். எங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று நான் சம்மதம் கொடுத்திருந்த தளங்கள் ஒரு முழப் பட்டியலாக இருந்தன. அழித்தார். பென் டிரைவைச் செருகி முழுதும் சோதிக்கவிட்டுக் காத்திருந்தோம். டீ குடித்தபடி, எங்கள் போனிலிருந்தே மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மாற்ற வைத்தார். சோதனை இரண்டு மணி நேரம் ஓடியது.

கடைசியில், "ஆளுக்கொரு கணக்கு போட்டுத் தர்றேன். ஒருத்தர் பண்றது இன்னொருத்தர் தலையில விழாது. எத்தினி பேரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி, "நாலு" என்றாள்.

மாலையில் மகள் வந்ததும் அவளிடமும் சொன்னேன். மாமாவைச் சந்தேகப்பட்டு நாங்கள் செய்த தப்பையும் சேர்த்துச் சொன்னேன்.

"நான் மாமாவ நெனக்கவே இல்லப்பா. உன்னத்தான் நெனச்சேன். அதான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் யார்டில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் காத்திவாக்கம் போனேன். மச்சான் வீட்டு நிழலில் நாற்காலி போட்டு, காலை ஒரு மீன் கூடைமேல் வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஏலத்திலிருந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"மச்சான், அந்த கலீஜெல்லாம் என்னாலதான் வந்துச்சு. உன் விண்ணப்பம் போடறப்ப நான்தான் எதையோ எறக்கி வுட்டுட்டேன். உன்மேல சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்க."

அவர் கையிலிருந்த வெங்காயத்தை முழுக்க நறுக்கி முடித்தார்.

"பாஸ்வேர்டு மாத்துனப்பவே புரிஞ்சிபோச்சு" என்றார். "ரெண்டு நாளு கோவம் இருந்திச்சு. அப்புறம் கொயந்த அயுதது ஞாபகம் வந்துச்சு. என் வூடா இருந்தா நானும் யாரயாச்சும் நெனச்சிருப்பேன்."

பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா ஒண்ணு மச்சான். நீயான்னு என்னிய கேட்டிருக்கலாம். இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்காம வுட்டதுதான் எனக்கு பேஜாரா பூட்ச்சு."

அவரே, "மீதி வெங்காயத்த நீ நறுக்கு. கண்ணு எரியுது" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். நறுக்கினேன். அன்று அங்கேயே சாப்பிட்டேன்.

அடுத்த முறை கட்டு மாற்ற வந்தபோது அவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். காலை ஊன்றி நடக்கும் வரைக்கும் இரண்டு மாதம் இருந்தார். தன் கணக்குக்கு என்ன பாஸ்வேர்டு வைத்தார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்தப் பெண்மணிக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்குள் நடந்தது முழுவதையும் அவர் அந்த ஒரு பகலில் புரிந்துகொண்டிருப்பார். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் கேட்டபோது அவர் திறந்து காட்டியிருந்தால், இல்லாத குற்றத்தைத் தேடி என் வீட்டு மனிதர்களின் அந்தரங்கத்தை எல்லாம் கிளறியிருப்பேன். ஏதாவது கிடைத்தும் இருக்கும். யாரைத் தேடினாலும் ஏதாவது கிடைக்கும்.

மச்சான் தடி இல்லாமல் நடந்த முதல் வாரத்தில் அந்தப் பெண்மணியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். கையில் இரண்டு பெரிய வவ்வால் மீன் வாங்கி வைத்திருந்தார். கடையில் கூட்டம். அந்தப் பெண்மணி கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டு, "கால் எப்டி கீதுண்ணே, படிக்கட்டு ஏற முடியுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு இருவரும் அந்த மீனைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வறுக்கத்தான் வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.