பிள்ளைகளின் நாடி பார்த்த சுமதி டீச்சர்

சென்ற சனிக்கிழமை காலை ஆறேகால் இருக்கும். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். மைதானக் காவலாளி தொலைபேசியில் அழைத்தார்.

"ரிஸ்னா டீச்சர், சுமதி டீச்சர் டயருகளுக்குப் பக்கத்தில விழுந்து கிடக்கிறா. கூப்பிட்டுப் பாத்தன், பேச்சு மூச்சில்லை."

பஸ் நகரத்துக்குள் நுழைவதற்குள் இரண்டாவது அழைப்பும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்திருந்தது. வயது நாற்பத்தொன்று.

எங்கள் கழகத்தின் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்ட அணிக்கு நாங்கள் இருவரும் ஐந்து வருடங்கள் சேர்ந்து பயிற்சி கொடுத்தோம். பந்து என் பொறுப்பு. பிள்ளைகளின் உடல் வலு அவர் பொறுப்பு. எங்களிடம் இருந்தவை கயிறு கட்டிய பழைய டயர்கள், மணல் நிரப்பிய எண்ணெய்க் கலன்கள், ஏறி இறங்க இரண்டு மர வாங்குகள், அவ்வளவுதான். முதல் நாள் நான் கலன்களை வாய்மட்டும் நிரப்பி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, எல்லா மணலையும் கொட்டினார்.

"முதல்ல பிள்ளையள் தங்கட உடம்பை ஒழுங்கா இருத்தி எழுப்பப் பழகட்டும், ரிஸ்னா. பிறகு மண்ணைப் பாப்பம்."

இரண்டு மாதங்கள் வெறும் கலன்களையே தூக்க வைத்தார். அடுத்த வருடம் எங்கள் பிள்ளைகளைத் தள்ளி விழுத்துவது மற்ற அணிகளுக்குச் சிரமமாகிவிட்டது.

டயர் இழுத்து வரும் ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டையும் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது அவர் முகத்தில் ஓர் இறுக்கம் வரும். கண்டிப்பான ஆள் என்று நினைத்தேன். அது பயம் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

போன வருடம் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில், முன்கள வீராங்கனை வினோதா டயரை விட்டுவிட்டு உதடு வெளிறிக் குந்திவிட்டாள். டீச்சர் அந்த நிமிடமே பயிற்சியை நிறுத்தினார். பதினெட்டுப் பேரும் நெஞ்சைச் சோதித்துக்கொண்டு வந்தால்தான் மைதானம் என்றார். வினோதாவின் தகப்பன் கத்தினார்: "என்ர பிள்ளையை நோயாளி ஆக்கப் பாக்கிறீங்களோ?" நானும் அந்தத் தகப்பன் பக்கம்தான் நின்றேன். போட்டி கைநழுவிப் போனது. முடிவுகள் வந்தபோது எல்லோர் நெஞ்சும் சரி. வினோதாவுக்கு இரத்தம் குறைவு, வேறொன்றுமில்லை.

அன்று கோபத்தோடு கேட்டேன். "இதுக்காகவா அக்கா இவ்வளவு?"

அப்போதுதான் தன் அண்ணாவைப் பற்றிச் சொன்னார். பதினேழு வயது. ஆட்டத்தின் நடுவில், பக்கத்தில் ஒருவரும் இல்லாத இடத்தில் விழுந்திருக்கிறார். பிறகு எழும்பவே இல்லை. "தடுக்கி விழுந்திட்டார் எண்டு எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்."

"நீங்கள் டொக்டரிட்ட உங்களைக் காட்டினீங்களா?"

"இல்லை. தெரியாத வரைக்கும் நான் சுகமா இருக்கிறன்."

"துளசியை?"

துளசி அவருடைய ஒரே மகள். பன்னிரண்டு வயது. பயிற்சி நாட்களில் வேப்பமரத்தின் கீழ்ப் புத்தகத்தோடு இருப்பாள். கண் மட்டும் பந்தில் இருக்கும். டீச்சர் அவளைப் பார்த்தார். "அவளை நான் ஓட விடமாட்டன். அது போதும்."

"போதாது அக்கா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வருடம் படியேறும்போது அவர் சுவரைப் பிடித்து நிற்பதைக் கண்டேன். டயர்களை அடுக்கும்போது நடுவில் நிறுத்தி, கடல் பக்கம் திரும்பி மூச்சு வாங்குவதைக் கண்டேன். ஒருமுறை மட்டும், "ஒருக்கா காட்டுவமே, நானும் வாறன்" என்றேன். "ஏலாது ரிஸ்னா. அந்தக் கதவைத் திறக்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இந்தப் பாரம் என்னோடுதான் இருக்கும்.

இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்தது என்று பிரேத பரிசோதனையில் சொன்னார்கள். பரம்பரையாக வரக்கூடியதாம். பிள்ளை இருந்தால் தாமதிக்காமல் காட்டச் சொன்னார்கள்.

பாலையூற்றில் டீச்சரின் வீட்டில் வினோதாவின் தகப்பன்தான் பந்தலுக்குக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அணிப் பிள்ளைகள் சீருடையோடு வந்து நின்றார்கள். ஒருத்தியும் சத்தம் போட்டு அழவில்லை.

நேற்று டீச்சரின் கணவர் பாஸ்கரனும் நானும் துளசியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வரிசையில் இருக்கும்போது அவள் என் காதுக்குள் கேட்டாள்.

"அன்ரி, ஒண்டுமில்லை எண்டு சொன்னா நான் விளையாடலாமா?"

"ஓம்" என்றேன்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல், செவ்வாய்க்கிழமை பெரிய சோதனைக்கு வரும்படி எழுதிக் கொடுத்தார். அதுவரை மாடிப்படிகூட ஏற வேண்டாம் என்றார்.

சுமதி அக்கா, ஊர்ப் பிள்ளைகளுக்காக நீங்கள் எல்லோரோடும் மல்லுக்கு நின்றீர்கள். உங்களுக்காக ஒருவரும் உங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை துளசியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே போவேன். என்ன சொன்னாலும் அவளுக்கு மறைக்காமல் சொல்வேன். நீங்கள் அமைதியாக உறங்குங்கள்.