முள்ளங்கியைக் காவல் சாவடியில் ஒப்படைத்த என் தம்பி

காமினோசாவா காவல் சாவடியின் பதிவேட்டில் என் தம்பி லோக்பகதூரின் பெயர் பதினேழு இடங்களில் இருந்தது. ஒன்றுகூடக் குற்றத்துக்காக இல்லை. பதினேழும் அவன் கண்டெடுத்து ஒப்படைத்த பொருள்கள். விரல் வைத்து நானே எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் நேபாளத்தில் பாக்லுங்கைச் சேர்ந்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். ஜப்பானுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகிவிட்டன. சைத்தாமாவில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஆறு வருடங்களுக்கு முன் அவனை வரவழைத்தது நான்தான். வந்த முதல் வாரமே ரயிலில் பணப்பையைத் தொலைத்தான். மறுநாள் சாயங்காலம் அது அப்படியே திரும்பி வந்தது. உள்ளே இருந்த எங்கள் அம்மாவின் படம்கூட மடங்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு நான் ஒரு விதி சொன்னேன்.

"இந்த ஊர்ல கீழ கிடக்கிறது எதுவும் நம்மளுது இல்ல. எடு, நேரா சாவடிக்குக் கொண்டுபோய்க் குடு. யோசிக்கவே யோசிக்காத."

அவன் யோசிக்கவே இல்லை. குடை, ஒற்றைக் கையுறை, குழந்தையின் இடது கால் செருப்பு என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒருமுறை பாதி தேய்ந்த அழிரப்பரைக் கொடுக்க முக்கால் மணி நேரம் நடந்தான். இப்படிப்பட்ட ஆளை எனக்குத் தெரிந்த வரையில் எங்கள் மாவட்டத்திலேயே காட்ட முடியாது.

பிறகு அவனுக்கு நாகானோ மலைப்பக்கம், காமினோசாவாவில் காளான் கொட்டகை வேலை கிடைத்தது. இரண்டு வருடம் வேலையாட்கள் விடுதியில் இருந்தான். விடுதியில் குடும்பம் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மனைவி சுமித்ராவும் ஆறு வயது மகளும் பாக்லுங்கில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைக்கும் படிவத்தில் முகவரி என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

போன அக்டோபரில் அதற்கு ஒரு வழி பிறந்தது. மியாஷிதா என்ற பெரியவர் வீட்டைப் பூட்டிவிட்டுத் டோக்கியோவில் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குளிர்காலம் முழுக்க இருந்து பாருங்க. மார்ச் மூணாம் ஞாயிறு நம்ம வீட்டு வரிசையோட கூட்டம். மத்த ஏழு வீடும் சரின்னு சொன்னா குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. ஒரு வீடு முகம் சுளிச்சாலும் எனக்குக் கஷ்டம்."

தம்பி தலை தரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து வணங்கினான். ஏழு வீட்டுக்கும் துண்டு ஒன்று, சோப்பு ஒன்று என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துகொண்டான். நான் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி எதையும் தவற விடவில்லை.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை கதவைத் திறந்தால் வாசலில் நான்கு முள்ளங்கி கிடந்தது. மண்ணும் இலையுமாக, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். சீட்டு இல்லை, பெயர் இல்லை. அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை.

எங்கள் ஊரில் ஒருவர் ஒன்றைக் கொடுத்தால் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். உள்ளே வந்து உட்காருவார், டீ குடிப்பார், அந்த முள்ளங்கி எந்த மேட்டில் விளைந்தது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கொடுத்துவிட்டு ஓடி ஒளிகிற ஆளை அவன் கண்டதே இல்லை. யாரோ சுமையை இறக்கி வைத்துவிட்டு மறந்து போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, நான்கையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவடிக்குப் போனான்.

அங்கேதான் விதி விளையாடியது. அந்தச் சாவடியில் வருடக்கணக்காக இருந்த அதிகாரியாக இருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். ஆனால் ஹிகுச்சி என்ற இளைஞர் அப்போதுதான் பெரிய நகரத்திலிருந்து மாற்றலாகி, மனைவி மிசாகியோடு சாவடிக்குப் பின்னால் இருந்த வீட்டில் குடியேறியிருந்தார். படிவம் நிரப்புவதில் அவருக்குத் தனி ருசி.

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"அஞ்சு நாப்பதுக்கு சார். மேல உறைபனி படிஞ்சிருந்துச்சு. அப்போ ராத்திரியே வெச்சிருக்கணும்."

ஹிகுச்சிக்கு அவனை அந்த நிமிடமே பிடித்துப்போனது. அளவு நாடாவை எடுத்தார். "நாப்பத்தாறு சென்டிமீட்டர். இதுக்கு என்ன, ரெண்டு கால் இருக்கு?"

"கால் மேல கால் போட்டு உக்காந்த மாதிரின்னு எழுதுங்க சார்."

"அப்படியெல்லாம் எழுத முடியாது. 'கீழ்ப்பகுதி இரண்டாகப் பிரிந்தது.' சரியா? கையெழுத்துப் போடுங்க."

ரசீதும் கொடுத்தார். வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் செய்தார்: பழைய மியாஷிதா வீட்டு வாசலில் கண்டெடுக்கப்பட்டவை, முள்ளங்கி நான்கு, ஒன்று கீழே பிரிந்தது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.

எதிர் வீட்டு மொச்சிசுகி தொமோயே, ஐம்பத்தெட்டு வயது, அந்த வருடம் வரிசைத் தலைவி. வெள்ளைக் குட்டி லாரியை ஓட்டிக்கொண்டு தபால் போடப் போனவர் பலகையைப் படித்தார். இரட்டைக் கால் முள்ளங்கி தன் தோட்டத்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முகம் சிவந்துவிட்டது. அழகில்லாததைக் கொடுத்துவிட்டோம், அந்த மனுஷர் மனசு நொந்து போலீசுக்கே போய்விட்டார் என்று நினைத்தார். மறுநாள் நேராக வளர்ந்த ஆறு முள்ளங்கியைக் கழுவி, வைக்கோலால் கட்டி அதே வாசலில் வைத்தார்.

அதையும் தம்பி கொண்டுபோய்க் கொடுத்தான்.

விஷயம் ஏழு வீட்டுக்கும் பரவியது. காய்கறி போதவில்லை போலிருக்கிறது என்று ஒரு வீடு ஆப்பிள் வைத்தது. இன்னொரு வீடு நாப்பா என்கிற நீளக் கோஸை நாளிதழில் சுற்றி வைத்தது. நாளிதழின் தேதியைக்கூட ஹிகுச்சி குறித்துக்கொண்டார். மூன்றாவது வீடு கீரை ஊறுகாயை மூடி போட்ட டப்பாவில் வைத்து, மேலே அழகான துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. "முடிச்சு நல்லா இருக்கு சார், தொலைச்சவங்க ரொம்ப வருத்தப்படுவாங்க," என்று தம்பி சொன்னானாம்.

டிசம்பர் ஏழாம் தேதியோடு எல்லாம் நின்றது. அதற்குப் பிறகு தெருவில் வணக்கம் சொல்கிறவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். வீடு வீடாகக் கைமாறி வரும் சுற்றறிக்கைப் பலகையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமலே போனார்கள்.

தம்பி எனக்குப் போன் செய்தான். குரலில் அவ்வளவு பெருமை.

"அக்கா, இந்த ஊர்க்காரங்க ரொம்ப மறதி. தினம் எதையாவது எங்க வாசல்ல விட்டுட்டுப் போனாங்க. பதினேழு தடவ சாவடில குடுத்தேன். இப்போ திருந்திட்டாங்க, யாரும் மறக்கிறதில்ல."

"என்னடா விட்டுட்டுப் போனாங்க?"

"முள்ளங்கி."

நான் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

"டேய், அது உனக்குக் குடுத்ததுடா!"

"எனக்கா? அப்போ ஏன் ஒளிஞ்சு வெச்சாங்க?"

"நேர்ல குடுத்தா நீ பதிலுக்கு ஏதாச்சும் குடுக்கணுமேன்னு சங்கடப்படுவேல்ல. அதுக்குத்தான் பேரு சொல்லாம வெப்பாங்க. யாருன்னு நாமளா கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, மார்ச் கூட்டம் இருக்கே?"

புத்தாண்டு விடுமுறைக்கு இனிப்புப் பெட்டி ஒன்றோடு ரயிலேறினேன். முதலில் தொமோயே வீடு. தம்பியைப் பின்னால் நிறுத்திவிட்டு, "தெரியாம பண்ணிட்டான், உங்க முள்ளங்கியை..." என்று தொடங்கினேன்.

"எந்த முள்ளங்கி? ஐயோ, எங்க தோட்டத்துல இந்த வருஷம் முள்ளங்கி வெளையவே இல்லங்க."

அவர் தலைக்கு மேலே, கூரை விளிம்பில் முள்ளங்கிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன். முப்பத்தெட்டு. நான் எண்ணுவதை அவரும் பார்த்தார்.

"அது சும்மா அழகுக்கு," என்றார்.

மற்ற ஆறு வீட்டிலும் இதே கதைதான். ஆப்பிள் மரம் நிற்கிற வீட்டில் ஆப்பிளையே அறியாதவர்கள் போலப் பேசினார்கள். கொடுத்தவர் கொடுக்கவே இல்லை என்கிறார். அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? பத்தொன்பது வருடத்தில் இப்படி நான் முழித்ததில்லை.

கடைசியாகச் சாவடிக்குப் போனோம். பொருளைத் திருப்பிக் கேட்டேன்.

"முடியாதும்மா," என்றார் ஹிகுச்சி. "உரியவர் வரலைன்னா மூணு மாசம் கழிச்சுத்தான் கண்டெடுத்தவருக்கு. முதல் பொருளுக்குப் பிப்ரவரி பதினெட்டு, கடைசிப் பொருளுக்கு மார்ச் ஏழு."

"முள்ளங்கி மூணு மாசம் இருக்குமா சார்?"

உள்ளேயிருந்து மிசாகி வந்தார். "வாங்கக்கா, காட்டுறேன்."

பின்பக்கக் கொட்டகையில் மூன்று பெரிய தொட்டிகள் இருந்தன. முள்ளங்கியை எல்லாம் காயவைத்து, தவிடும் உப்பும் போட்டு, மேலே கல் ஏற்றி வைத்திருந்தார் அந்தப் பெண். கோஸ் தனியாக உப்பில் ஊறியது. ஆப்பிள் ஜாம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் பதிவு எண் எழுதிய சீட்டுத் தொங்கியது.

"அழுகிப் போனா ஆதாரம் போயிடுமேன்னு இவர் ராத்திரி தூங்கல. அதான் ஊற வெச்சேன். இதெல்லாம் அக்கம்பக்கத்துல குடுக்கிறதுதான்னு முதல் நாளே சொன்னேன்கா. 'சட்டப் புத்தகத்துல எந்தப் பக்கம்?'னு கேட்டார்."

"என் தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேனே. 'அதிகாரி அப்படிச் சொல்லலையே'ன்னார்."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது. ஆனால் தவிட்டுக்குள்ளிருந்து வந்த வாசனை நன்றாக இருந்தது. அதை முகர்ந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது.

மார்ச் எட்டாம் தேதி லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். தம்பி பதினேழு ரசீதையும் தேதி வரிசைப்படி அடுக்கி நீட்டினான். ஹிகுச்சி பதினேழு கையெழுத்து வாங்கினார். அன்று சாயங்காலம் மஞ்சள் நிறத்தில் ஊறியிருந்த முள்ளங்கியைக் கழுவி, துண்டு போட்டு, எங்கள் ஊர் முறையில் கடுகெண்ணெயைக் காய்ச்சி, வெந்தயம் கருகக் கருகத் தாளித்து, மிளகாயும் மஞ்சளும் போட்டுப் பிரட்டினோம். ஏழு டப்பாவில் அடைத்தோம். கீரை ஊறுகாய் வந்த டப்பாவில் அந்த வீட்டுக்கு, அதே துணி, அதே முடிச்சு. முடிச்சைப் போட மட்டும் எனக்கு ஐந்து தடவை ஆனது.

"நேர்ல போய்க் குடுத்துரவா?" என்றான் தம்பி.

"கூடாது. விடியறதுக்கு முன்னாடி வாசல்ல வெச்சுட்டு வந்துடு. சீட்டு வேண்டாம், பேரும் வேண்டாம்."

"திருடன் மாதிரியாக்கா?"

"ஆமாடா. இந்த ஊர்ல மரியாதை அப்படித்தான்."

போனான். பனியில் காலடித் தடம் விழுந்ததும் பயந்துபோய், பின்பக்கமாகவே நடந்து வந்து ஒவ்வொரு தடத்தையும் கையால் அழித்தான். நான் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடத்தை அழித்து என்ன பயன்? வெந்தய வாசனை தெரு முழுக்க நின்றது. அந்த மலைப்பக்கம் முழுக்கத் தேடினாலும் வெந்தயம் தாளிக்கிற வீடு ஒன்றுதான்.

எட்டரை மணிக்கு ஹிகுச்சி போன் செய்தார். குரல் பதறினாலும் பெயரோடு மரியாதைக்குச் 'சான்' ஒட்டத் தவறவில்லை. "லோக்-சான், உடனே வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

போய்ப் பார்த்தால் சாவடிக்குள் வரிசை. ஏழு வீட்டிலிருந்தும் ஏழு பேர், கையில் ஆளுக்கொரு டப்பா. முன்னால் தொமோயே. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"என் வாசல்ல இது கிடந்துச்சு," என்றார் தொமோயே. "யாரோ மறந்துட்டுப் போயிருக்காங்க. நம்ம தெருவுல இப்பல்லாம் ஒப்படைக்கிறதுதானே வழக்கம்."

ஹிகுச்சியின் கை தானாகப் படிவத்தை எடுத்தது. "பொருள்... முள்ளங்கி ஊறுகாய். அடையாளம்?"

"மஞ்சளா இருக்கும். ரொம்பக் காரம். என் வீட்டுக்காரர் ரெண்டு தடவ சோறு வாங்கினார்."

"சாப்பிட்டீங்களா? கண்டெடுத்த பொருளையா?"

"பாதிதான். மீதி ஆதாரத்துக்கு வெச்சிருக்கேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கிக்கொண்டிருந்த மற்றவர்களும் அதோடு வெடித்துவிட்டார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. காது வரை சிவந்துபோய், பதிவேட்டின் மேலே கவிழ்ந்த மாதிரிக் குனிந்து நின்றான்.

"தொமோயே-சான், அந்த ரெண்டு கால் முள்ளங்கிதான் எல்லாத்தையும்விட ருசியா இருந்துச்சு. உங்க டப்பாவுல அதைத்தான் போட்டேன்," என்றான்.

தொமோயே கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு, "தெரியும். துண்டு வளைஞ்சு இருந்துச்சு," என்றார். தன்னுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

ஹிகுச்சி பேனாவைத் தூக்கினார். "விதிப்படி மூணு மாசம் உரியவருக்காகக் காத்திருக்கணும்."

"உரியவர் எங்க போகப் போறார்?" என்றார் தொமோயே. "மியாஷிதா வீட்டுலதான் இருப்பார். பொண்டாட்டி பிள்ளையும் வந்துடும். அவசரமே இல்ல, மெதுவா எழுதுங்க."

"அதைக் கூட்டத்துலதானே முடிவு செய்யணும்? அது மூணாம் ஞாயிறுதானே?"

தொமோயே திரும்பி வரிசையைப் பார்த்தார். "ஏழு வீடும் இங்கதான் நிக்குது. யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு," என்றார் கடைசியில் நின்ற ஆப்பிள் வீட்டுப் பெரியவர். "என் டப்பாவுல கொஞ்சம் குறைச்சலா இருந்துச்சு."

அன்று மாலை படிவத்தின் முகவரிக் கட்டத்தை நிரப்பினோம். தம்பி எழுதினான், ஒவ்வொரு எழுத்தையும் நான் சரிபார்த்தேன். எழுதி முடித்துவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. சீட்டு இல்லை. தெருவில் யாரும் இல்லை.

தம்பி என்னைப் பார்த்தான்.

"உள்ள எடுத்து வைடா," என்றேன்.

எடுத்து வைத்தான். ஆனால் கிழங்கின் மேலே ஒற்றைக் கையுறை ஒன்று கிடந்தது, வைத்துவிட்டு ஓடியவர் அவசரத்தில் விட்டது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

"இது கண்டிப்பா மறந்ததுதானேக்கா?"

நானும் யோசித்துப் பார்த்தேன். "ஆமா," என்றேன். "போய்க் குடுத்துட்டு வா."

பதினெட்டாவது பதிவு அது.