செப்டிக் டேங்க் மேஸ்திரி கட்டிய மீன் குளம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டத்தில் வண்ண மீன் குளம் கட்டுவதென்றால் என்னை விட்டால் ஆளே கிடையாது.

இது பொய். நான் கட்டி முடித்தது மொத்தமே ஒன்று. இன்னொன்று நைனார்பாளையத்தில் முடிகிற நிலையில் இருக்கிறது. அதற்கு முன்னால் என் பிழைப்பு முழுக்க செப்டிக் டேங்க்தான். நான் கட்டியதை யாரும் திறந்து பார்த்தது கிடையாது, பார்க்க ஆசைப்பட்டதும் கிடையாது. அப்படித்தான் எனக்கு நல்ல பேர் வந்தது.

இப்போது கொத்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் மீன் குளம் எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் அடிக்கிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். பொய் இருந்தால் என்னிடம் வாருங்கள்.

பையனைப் பிடிக்க மீன்

வடக்கனந்தலில் மல்லிகா அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் செல்வராசு அண்ணன் சொந்த டிராக்டரில் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஓட்டுகிறவர். ஒரே மகன் தினேஷ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே வாடகை வீட்டு மொட்டை மாடியில் பெரிய தொட்டி வைத்து, கோய் என்கிற ஜப்பான் மீன் ஐந்து வளர்த்தான். சிவப்பும் வெள்ளையுமாக, முழங்கை நீளம்.

தளம் ஒழுகுகிறது, மீனை எடு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். மல்லிகா அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"தோட்டத்துல ஒரு குளம் கட்டு மேஸ்திரி. மீனு இங்க வந்துட்டா அவனும் வருவான்" என்றார். "பொங்கலுக்கு வாடான்னா மீனை யாரு பாத்துக்குவாங்கன்றான். அவங்கப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னா போன்ல விசாரிக்கிறான். மீனு சரியா துன்னலன்னா லீவு போடறான்."

ஊரில் மீனைப் பிடிக்கத் தூண்டில் போடுவார்கள். இந்த அம்மா பையனைப் பிடிக்க மீனைப் போட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கட்டித் தருகிறேன் என்றேன். கோய் மீனை அதுவரைக்கும் நான் காலண்டரில்கூடப் பார்த்ததில்லை.

தினேஷ் தினமும் வீடியோ காலில் வருவான். நடுவில் டிரெய்ன் குழாய் வேண்டும், அழுக்கெல்லாம் அங்கே இறங்க வேண்டும் என்பான். எனக்கு அது கஷ்டமே இல்லை. பாத்ரூமுக்கு எப்படித் தண்ணீர் ஓட வாட்டம் வைக்கிறோமோ அதே வாட்டம்தான், நாலு பக்கமிருந்தும் நடுவுக்கு. ஃபில்டருக்கு இரண்டு நீல டிரம், உள்ளே ஜல்லியும் ஸ்பாஞ்சும், சுற்றிவர ஒரு சின்ன மோட்டார். கரைக்கு மலையடிவாரத்திலிருந்து உருண்டைக் கல் வந்தது. பூச்சு முடிந்து புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீரை ஊற வைத்தேன், மாற்றினேன், திரும்ப ஊற வைத்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போனை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். "சூப்பர் மேஸ்திரிண்ணா" என்றான் தினேஷ். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

தெருவே வந்தது

தினேஷ் ராத்திரி பஸ் பிடித்து, தெர்மாகோல் பெட்டியில் மீன்களோடு விடியற்காலம் வந்து இறங்கினான். பிளாஸ்டிக் பைகளைக் கொஞ்ச நேரம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டான். ஐந்தும் அடியில் போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. வழியெல்லாம் தூங்காமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த பையன். கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனான்.

அவன் படுத்த பிறகு நாங்கள் பூசை போட்டோம்.

கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் முதல் தண்ணீருக்கு மஞ்சள் தூவி, கற்பூரம் காட்டி, பால் ஊற்றாமல் எங்கள் பக்கம் விடமாட்டோம். குளத்துக்கு மட்டும் எப்படி விடுவது? மல்லிகா அக்கா ஒரு சொம்பு பால் ஊற்றினார். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஜப்பான் மீன் வந்திருக்கிறது என்று தெருவே திரண்டு வந்துவிட்டது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆளுக்கொரு சொம்பு. எதிர்வீட்டுக்காரர் ஊற்றியதைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இன்னும் பெரிய சொம்பு கொண்டுவந்தார். செல்வராசு அண்ணன் பால் சொசைட்டிக்கு வைத்திருந்த கேனையே தூக்கி வந்து கவிழ்த்தார்.

நான் என்ன செய்தேன்? வரிசையை ஒழுங்குபடுத்தினேன். இடப்பக்கம் வாருங்கள், வலப்பக்கம் போங்கள் என்று கோயில் தர்மகர்த்தா மாதிரி நின்றேன். சாமிக்கு ஊற்றின பாலை ஃபில்டர் உறிஞ்சிவிடக் கூடாதே என்று மோட்டாரையும் நிறுத்தி வைத்தேன். அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

பிறகு எல்லோரும் மாமர நிழலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம், பேசினோம். உச்சிவெயில் ஏறியது. அப்போதுதான் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின.

"பால் குடிக்குது பாருங்க" என்றேன் நான்.

இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். என் கையால் கட்டின குளத்தில் மீன் பால் குடிக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கியது. மல்லிகா அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய், பையனும் பார்க்கட்டும் என்று தினேஷை எழுப்பிக் கூட்டி வந்தார்.

அவன் தூக்கக் கண்ணோடு வந்தான். குளத்தைப் பார்த்தான். குளம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"அது குடிக்கலம்மா" என்றான். "மூச்சு முட்டுது."

மல்லிகா அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மீன் செத்தால் என்ன ஆகும் என்று அங்கே அவருக்கும் எனக்கும்தான் தெரியும். சாயங்காலம் பையன் பஸ் ஏறினால் மறுபடி எப்போது வருவானோ.

முதலில் அசைந்தது செல்வராசு அண்ணன். முன்பு சொந்தமாக வெல்லம் காய்ச்சிய காலத்துக் கொப்பரை கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவு அகலம். நாலு பேர் அதை உருட்டிக் கொண்டுவந்து, தேய்த்துக் கழுவி, போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டோம். மல்லிகா அக்கா ஒரு நூல் புடவையை நனைத்துக் கொண்டுவந்தார். அதில் தூளி மாதிரி ஏந்தி, மீன்களை ஒவ்வொன்றாகக் கொப்பரைக்கு மாற்றினோம். அங்கேயும் வாயைத் திறந்தபடியேதான் மிதந்தன.

"போர்த் தண்ணில காத்து கம்மி. மேலேர்ந்து ஊத்திக்கினே இருக்கணும்" என்றான் தினேஷ்.

"இன்னாத்த ஊத்தறது?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். பாவம், அவருக்கு அன்றைக்கு ஊற்றுவது என்றாலே பயம்.

"தண்ணிய. இதே தண்ணிய மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்துங்க. சொம்பக் கழுவிட்டு."

பால் கொண்டுவந்த அதே சொம்புகள். எல்லோரும் ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்து கொப்பரையைச் சுற்றி நின்றார்கள். குனிந்து மொள்வது, தலைக்கு மேலே தூக்குவது, ஊற்றுவது. கை வலித்தவர் விலகினால் அடுத்தவர் அந்த இடத்தில் வந்து நின்றார். முதுகுவலி என்று ஒரு வருஷமாக மூட்டை தூக்காத ஆள் ஒருத்தர் அன்றைக்கு விடவே இல்லை. நானும் தினேஷும் குளத்தில் இறங்கி டிரெய்னைத் திறந்தோம். நான் வைத்த வாட்டம் அத்தனை பாலையும் ஒரு சொட்டு விடாமல் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அதைப் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். தினேஷ் மூஞ்சியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு நாலு மீன் அடிக்குப் போய் நீந்த ஆரம்பித்தன. வெள்ளையில் ஒன்று மட்டும் போய்விட்டது. தினேஷ் அதை மாமரத்தடியில் புதைத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

அன்றைக்கு அவன் பஸ் ஏறவில்லை. குளத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்கள் தீனி எடுக்கிற வரைக்கும் இருந்தான். கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டு குளத்தங்கரையில் நின்று, அம்மாவையும் அப்பாவையும் என்னையும் ஒரு முறை பார்த்தான்.

"அடுத்த வாரமும் வரேன்மா. உங்களயெல்லாம் நம்பி வுட்டுட்டுப் போவ முடியாது."

மல்லிகா அக்கா தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் என்கிற மாதிரி நின்றார். அவன் தெருமுனை திரும்பியதும் என் பக்கம் பார்த்தாரே ஒரு பார்வை. எந்த வீட்டு வேலை முடித்தும் எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்ததில்லை. இன்றைக்கும் தினேஷ் வந்துகொண்டுதான் இருக்கிறான். நல்ல குளமாகவே இருந்திருந்தால் இத்தனை தடவை வந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசிக் கரண்டி பூசியதோடு குளம் வேலை முடிவதில்லை. இதில் யார் யார் என்னென்ன ஊற்றப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மேஸ்திரி என்கிற மீன்

அந்த நாலு மீனில் ஒன்றுக்கு அந்த வீட்டில் மேஸ்திரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். தலையில் கருப்புப் புள்ளி, எப்போதும் திறந்த வாய். அந்தப் பேர் எப்படி வந்தது என்றால், ஒரு நாள் நான் கரையில் உட்கார்ந்து...

இருங்கள், போன் அடிக்கிறது. நைனார்பாளையத்துக் குளத்து வீட்டு அக்கா.

"எங்க கீறீங்க மேஸ்திரி? தண்ணி ரொப்பியாச்சு, மீனும் வுட்டாச்சு, பூசைக்கு ஜனமெல்லாம் வந்துட்டாங்க. பால் ரெண்டு கொடம் போதுமா, இன்னும் ஜாஸ்தி வேணுமா?"

மகளே, போனில் அடித்தது போதும். வண்டிச் சாவியை எடு.

"அக்கா, ஊத்தாதீங்க. கொடத்தக் கீழ வைங்க. சொம்ப மட்டும் கழுவி ரெடியா வைங்க, நான் வந்துகினே கீறேன்."